ஒரு வீட்டுக்கு ஒரு குறி

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் போய்ப் பக்கிரிசாமி வீடு எது என்று கேட்டால், "எந்தப் பக்கிரி? கோர்ட்டு டோபியா?" என்று திருப்பிக் கேட்பார்கள். துணி வெளுக்கிற மனுஷனுக்கு அந்தப் பட்டம் சும்மா வரவில்லை. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் சாட்சிக் கூண்டு ஏறி இறங்கி ஏறி இறங்கி அவர் சம்பாதித்தது அது.

ஆற்றோரத்தில் ஒரே வெள்ளாவியில் பல வீட்டுத் துணி வேகும். வெந்து வெளியே வந்ததும் எது யாருடையது என்று தெரிய வேண்டுமே! அதற்குத்தான் சேங்கொட்டை. கொட்டையை ஊசியால் குத்தி, கசிகிற பாலைத் தொட்டு, காலரின் உள்பக்கத்திலோ துவாலையின் மூலையிலோ கோடு இழுத்து, மேலே சுண்ணாம்புத் தண்ணீர் தடவி வெயிலில் போட்டால் கறுத்துவிடும். அப்புறம் துணி கிழிந்தாலும் குறி போகாது. நிமிர்ந்த கோடு, படுத்த கோடு, புள்ளி, அவ்வளவுதான் அவருடைய எழுத்து. அதை வைத்து எத்தனை வீட்டை வேண்டுமானாலும் எழுதலாம். எந்தக் குறி எந்த வீடு என்பது முழுக்க அவர் தலைக்குள் இருந்தது.

திருடன் மூட்டையில் வேட்டி கிடைத்தால் போலீஸ் அவரிடம் வரும். ஆற்றில் பிணம் மிதந்தால் சட்டைக் காலரை வெட்டி எடுத்துக்கொண்டு வரும். "மூஞ்சி அழுகிடும் சார், காலர் அழுகாது" என்று ஒரு தடவை அவர் சொன்னதை வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் ரசித்துச் சிரித்து, எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். குறியைப் படம் பிடித்துத் தலையணை அளவுக்குப் பெரிதாக்கிக் கோர்ட்டில் மாட்டினார்கள். சேங்கொட்டைப் பாலைப் பற்றி விளக்க ரசாயனம் படித்த ஒருவர் வந்தார். இதெல்லாம் சயன்ஸ் என்றார்கள். பக்கிரிசாமிக்கு சயன்ஸ் தெரியாது. ஆனால் அந்தப் பெரிய படத்துக்குப் பக்கத்தில் நிற்கும்போது அவர் கழுத்து தானாக நிமிரும்.

கடைசியாக அவர் சாட்சி சொன்னது கிள்ளானில் நடந்த ஒரு கொலைக்கு. தட்டாசாரியின் விதவையை யாரோ மூச்சை அடைத்துக் கொன்று, படுக்கை விரிப்பில் சுருட்டிப் போட்டிருந்தார்கள். விரிப்பின் ஓரத்தில் ஒரு படுத்த கோடு, கீழே ஒரு புள்ளி. பிரிக்ஃபீல்ட்ஸில் குடியிருந்து கிள்ளான் துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்விட்ட ஒரு கூலியின் குறி. பக்கிரிசாமி பார்த்த உடனே சொல்லிவிட்டார். கைதிக் கூண்டிலிருந்து அந்த ஆள் கத்தினான்: "அது நான் வித்த துணிங்க சாமி! எப்பவோ பாசார்ல வித்துட்டேன்!" வக்கீல் எழுந்து, இதே குறியை வேறு வீட்டுக்கும் கொடுத்திருக்கலாம் அல்லவா என்று கேட்டார்.

"ஒரு வீட்டுக்கு ஒரு குறிங்க. அந்த வீடு காலியானாலும் அதை இன்னொருத்தருக்குக் கொடுக்க மாட்டேன்."

இன்டர்பிரட்டர் கன்னையா அதை இங்கிலீஷில் சொன்னார். நீதிபதி எழுதிக்கொண்டார். துணி கை மாறுமா என்று பக்கிரிசாமியை யாரும் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்ல அவரும் போகவில்லை. ஆளைத் தூக்கில் போட்டார்கள்.

அப்புறம் ஜப்பான்காரன் வந்தான். கடிகாரத்தைக்கூட விடாமல் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பினான். முள் காலை என்று காட்டும்போது வெளியே இருட்டாக இருந்தது. பங்களாக்கள் காலியாயின. வெள்ளைக்காரர்கள் சிலர் கப்பலேறினார்கள், சிலர் சிங்கப்பூர்ச் சிறைக்குள் போனார்கள். விட்டுப்போன மெத்தை, திரைச்சீலை, துவாலை எல்லாம் சூறையாகித் தெருவுக்கு வந்து, கடைசியில் பாசாரில் மூசாவின் பழந்துணிக் கடையில் குவிந்தன. இந்தியக் கப்பல் நின்றதும் சேங்கொட்டையும் நின்றது. பக்கிரிசாமியிடம் ஒரு பால் டின்னில் மிச்சம் இருந்ததுதான் கதி.

அந்தச் சமயத்தில்தான் ரபேல் குடும்பம் கிள்ளானிலிருந்து குவார்ட்டர்ஸுக்கு மாறி வந்தது. ரபேல் ரயில்வே பட்டறையில் பிட்டர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் குரலெடுத்துப் பாடுவான். மனைவி கெர்ட்ரூட், இரண்டு பெண் பிள்ளைகள், ஒரு மூட்டை துணி. புது வீட்டுக்குப் புதுக் குறி வேண்டும். கோடு கூடினால் பால் கூடுதலாகச் செலவாகும். சிக்கனமான குறி ஒன்று ஆளில்லாமல் கிடந்தது. இரண்டு நிமிர்ந்த கோடு, நடுவில் ஒரு புள்ளி. மேட்டுப் பங்களாவில் இருந்த வெள்ளைக்கார எஞ்சினியருடையது. ஆள்தான் சிறைக்குள் இருக்கிறானே, யார் கேட்கப்போகிறார்கள்?

இஸ்திரிப் பெட்டிக்குக் கரி போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி இராஜம்மா பார்த்துவிட்டாள். "ஏங்க, போனவன் குறியை எடுத்து இருக்கறவனுக்குப் போடுறீங்க. எனக்கு என்னமோ நல்லாப் படல."

"சும்மா இரு லா. கொட்டைக்கு நான் நாகப்பட்டினம் நீந்திப் போகவா?"

நாற்பத்து மூன்றாம் வருஷம். ஜப்பான்காரன் கணக்கில் அது இரண்டாயிரத்து அறுநூற்று மூன்று. மழை பிடித்துக்கொண்ட நேரம். அம்பாங்கில் ஈயம் தோண்டிவிட்டுக் கைவிட்ட குட்டை ஒன்றில் ஓர் ஆள் மிதந்தான். தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, ராணுவ லோரிக்குள் உட்கார்ந்து, யார் யாரைப் பிடிக்க வேண்டும் என்று தலையாட்டிக் காட்டிக்கொடுத்தவன். கையைப் பின்னால் துவாலையால் கட்டியிருந்தார்களாம். செய்தி கேட்டுச் சந்தோஷப்பட்டவர்கள்கூட சந்தோஷத்தை முகத்தில் காட்டவில்லை. செய்தவன் கிடைக்கும்வரை தெருவையே பிடிப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

பக்கிரிசாமியைக் கூட்டிப்போக லோரி வந்தது.

ராணுவப் போலீஸ் ஒரு பழைய பள்ளிக்கூடத்தில் இருந்தது. கரும்பலகையில் யாரோ போட்ட கணக்கு இன்னும் அழியாமல் இருந்தது. பக்கத்து அறையில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, வேறு சத்தம் இல்லை. மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி. கத்துகிற ஆள் இல்லை. தேநீர்க் கோப்பையைத் துடைத்து வைத்துவிட்டு, பூதக்கண்ணாடியையும் துடைத்தான். பக்கத்தில் நின்றது கன்னையா. கோர்ட்டு மூடியதும் ஜப்பான்காரனின் நிப்போன் மொழி வகுப்பில் சேர்ந்து முதலாவதாகத் தேறி, இங்கே வந்துவிட்டிருந்தார்.

"குனி பக்கிரி," என்றார் கன்னையா. "இன்னும் கொஞ்சம். ஆங், போதும்."

அதிகாரி ஒரு துவாலையை மேசைமேல் விரித்தான். சேறும் பழுப்புமாய், முறுக்கிய மடிப்பு கலையாமல் கிடந்தது. மூலையில் இரண்டு கோடு, நடுவில் புள்ளி.

பக்கிரிசாமி அதைத் தொட்டுப் பார்த்தார். தடவினார். எஞ்சினியர் வீட்டுத் துவாலை தடியாக இருக்கும். ஆனால் சவுக்காரம் இல்லாமல் அடித்து அடித்து இப்போது எல்லா வீட்டுத் துவாலையும் கொசுவலை மாதிரி ஆகிவிட்டது. மோந்து பார்த்தார். குட்டைச் சேற்று வாடைதான் வந்தது. எஞ்சினியருடையதா, ரபேலுடையதா? அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு துணி அவரிடம் வாயை மூடிக்கொண்டது இதுதான் முதல் தடவை.

"யார் வீடுன்னு கேட்கறார்."

ரபேல் என்று சொன்னால் சாயங்காலத்துக்குள் லோரி குவார்ட்டர்ஸுக்குப் போகும். இரண்டு பேர் துணியிலும் இந்தக் குறி இருக்கிறது, எதுவென்று சொல்ல முடியாது என்று சொன்னால்? அப்போதும் லோரி போகும். இரண்டு பேரில் கைக்கு எட்டுகிறவன் ரபேல்தான்.

"வெள்ளைக்கார எஞ்சினியர் வீடுங்க சார். மேட்டுப் பங்களா."

கன்னையா சொன்னார். அதிகாரி லேசாகச் சிரித்தான்.

"அந்த எஞ்சினியர் சிங்கப்பூர்ல கம்பிக்குப் பின்னால இருக்கான். அம்பாங்குக்கு நீந்தி வந்தானான்னு கேட்கறார்."

"துணியெல்லாம் சூறை போச்சுங்களே. யார் கையில வேணும்னாலும் போயிருக்கும்."

"இதே குறி இப்ப வேற வீட்டுக்கு இருக்கா?" என்று கேட்ட கன்னையா, பதிலுக்குக் காத்திருக்காமல் குரலைத் தணித்தார். "கிள்ளான் கேஸ்ல நான்தான் உனக்கு இன்டர்பிரட்டர். ஞாபகம் இருக்கா? ஒரு வீட்டுக்கு ஒரு குறின்னு சத்தியம் பண்ணின."

"பண்ணினேங்க."

"இன்னைக்கும் அதேதானா?"

"அதேதாங்க."

கன்னையா நீளமாகப் பேசினார். கோர்ட்டு, நீதிபதி, பெரிய படம் எல்லாம் கை ஜாடையிலேயே தெரிந்தது. அதிகாரி திருப்தியாகத் தலையசைத்தான். வெள்ளைக்காரன் நம்பிய சாட்சியை அவனும் நம்பினான். பக்கிரிசாமிக்கு மூச்சு விட முடிந்தது. அடுத்த பேச்சு வரும் வரைக்கும்தான்.

"அப்படின்னா சுலபம்ங்கறார். அந்தக் குறி போட்ட துணி இன்னும் எந்த வீட்ல இருக்கோ, அவன்தான் சூறையாடினவன். அவன்தான் கொன்னவன். நாளன்னிக்கு வீடு வீடா வர்றாங்க. நீயும் கூட வந்து படிச்சுச் சொல்லணும்."

ரபேல் வீட்டுக் கொடியில் தொங்குகிற அத்தனை துணியும் அவர் கண்ணுக்கு முன்னால் வந்தது.

வீடு திரும்பும் வழியில் சென்ட்ரிச் சிப்பாய் நிற்கிற இடத்தில் வணங்கிக் குனிந்தவர், தாண்டிய பிறகும் குனிந்தபடியே நடந்தார். நேராக ரபேல் வீட்டுக்குப் போனார். கெர்ட்ரூட் வாசலில் மரவள்ளிக் கிழங்குக்குத் தோலுரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணே, கோர்ட்டு திறந்துட்டாங்களா? முகம் அப்படிச் சிவந்திருக்கு!" என்று உள்ளே இருந்து ரபேல் சிரித்தான்.

பக்கிரிசாமி சொல்லி முடிக்கும்போது யாரும் சிரிக்கவில்லை.

"உங்க வீட்டுத் துவாலை எல்லாம் இருக்கா தம்பி?"

ரபேல் மனைவியைப் பார்த்தான். கெர்ட்ரூட் கத்தியைக் கீழே வைத்தாள். "ஒண்ணு இல்லண்ணே. கருவாட்டுக்கு மாத்திட்டேன். மூசா நானா கடையில. பிள்ளைங்க வெறும் கிழங்கைத் தின்னு தின்னு..."

"மூசாகிட்ட யார் வாங்கினாங்க?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

ரபேல் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். எண்ணெயும் இரும்புத் தூளும் ஏறிய பெரிய கைகள். "நான் அந்த நேரத்துல எங்க இருந்தேன்னு கேட்க மாட்டீங்களாண்ணே?"

"கேட்க மாட்டேன் தம்பி. கேட்டா எனக்குத் தெரிஞ்சுடும்."

"எல்லாத்தையும் எரிச்சிடலாமா?"

"எரிச்சா உடுத்தறது எதை?" என்றாள் கெர்ட்ரூட்.

"துணியே இல்லாத வீடு எதுன்னு பார்ப்பான்," என்றார் பக்கிரிசாமி. "மூலையை வெட்டினா, வெட்டின மூலை எந்த வீட்லன்னு பார்ப்பான். குறி அழியாது தம்பி. அழியாதபடி நான்தான் போட்டேன்." கொஞ்ச நேரம் குவார்ட்டர்ஸ் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். மரச் சட்டம், குறுக்கும் நெடுக்கும் கம்பி. "அழிக்கத்தான் முடியாது," என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

வீட்டில் இராஜம்மாவுக்குத் தரையில் கரியால் போட்டுக் காட்டினார். இரண்டு நிமிர்ந்த கோடு, நடுவில் புள்ளி. மேலேயும் கீழேயும் படுத்த கோடு இழுத்தார். நடுவில் ஒரு குறுக்குக் கோடு, ஒரு நெடுக்குக் கோடு. நாலு கட்டத்திலும் நாலு புள்ளி. சன்னல் ஆகிவிட்டது.

இராஜம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "பெரிய சூரர்தான். ரபேல் தம்பி வீட்ல மட்டும் புத்தம் புதுக் குறி இருந்தா அதுவே காட்டிக்கொடுத்துடாதா?"

அவளே குனிந்து கரியை வாங்கினாள். பக்கத்தில் இன்னொரு வீட்டுக் குறியைப் போட்டாள். ஒரு படுத்த கோடு, இரண்டு புள்ளி. அதையும் சன்னலாக்கினாள். இன்னொன்று. அதுவும் சன்னலாயிற்று. நிமிர்ந்த கோடு, படுத்த கோடு, புள்ளி. எந்தக் குறியாக இருந்தால் என்ன, எல்லாவற்றுக்கும் அந்தச் சன்னலுக்குள் இடம் இருந்தது.

"எல்லா வீட்டுக்குமா?" என்றாள்.

"எல்லா வீட்டுக்கும்."

"அப்புறம் எப்படிப் பிரிப்பீங்க? இவன் டவுசரை அவன் வீட்ல கொடுத்து உதை வாங்கப் போறீங்க."

"வாங்கினா வாங்கிட்டுப் போறேன். டோபின்னுதானே உதைப்பாங்க, கொல்ல மாட்டாங்களே."

சாக்குப்போக்கு சொல்ல அந்தக் காலத்தில் பஞ்சமில்லை. சொறி எல்லா வீட்டிலும் இருந்தது. துணி முழுக்க ஒரு தரம் வெள்ளாவி வைத்தால்தான் போகும், இல்லாவிட்டால் ஜப்பான்காரன் வந்து மருந்தடிப்பான் என்று இருவரும் வீடு வீடாகச் சொன்னார்கள். மருந்தடிப்பான் என்றதும் மறுபேச்சு இல்லை. கட்டியிருந்ததைத் தவிர எல்லாம் மூட்டையாயிற்று. சிலர் கட்டியிருந்ததையும் கொடுத்துவிட்டு, கோணிச் சாக்கைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார்கள். "பக்கிரி, சீக்கிரம் கொடுத்துடு லா, சாக்குக்கு அரிப்பு எடுத்தா அதையும் வெளுக்கக் கொடுப்பேன்" என்று ஒரு பென்ஷன்காரர் சன்னலுக்குப் பின்னாலிருந்து கத்தினார்.

ஆற்றோரத்தில் இருவரும் உட்கார்ந்து கோடு இழுத்தார்கள். டின்னில் இருந்த கொட்டைகள் ஒவ்வொன்றாய்ச் சுருங்கின. சேங்கொட்டைப் பால் தோலில் பட்டால் வெந்துபோகும். வழக்கமாகக் குச்சி நுனியில் தொட்டு நிதானமாகப் போடுவார்கள். இப்போது நிதானத்துக்கு நேரமில்லை. பக்கிரிசாமியின் விரல்கள் முதலில் சிவந்து, பிறகு கொப்புளித்தன.

அந்தக் குவியலில்தான் அது வந்தது. தையல் வேலை செய்கிற சந்திரகலா வீட்டு மூட்டையில், தூளி கட்டிய ஒரு பழைய விரிப்பு. குழந்தையின் தூளி என்பதால் அதுவரை வெளுக்கப் போடாமல் வீட்டிலேயே அலசியிருக்கிறாள். சொறி என்று பயமுறுத்தியதில் அதுவும் வந்துவிட்டது. மடிப்பைப் பிரித்தார். ஓரத்தில் ஒரு படுத்த கோடு, கீழே ஒரு புள்ளி.

கிள்ளான் கூலியின் குறி.

எடுத்துக்கொண்டு நேரே அவள் வீட்டுக்குப் போனார். "இது எங்கம்மா வாங்கினது?"

"அதுவாண்ணே? மூத்தவன் வயித்துல இருந்தப்போ மூசா நானா கடையில வாங்கினேன். ஏன், கிழிஞ்சு போச்சா?"

மூத்தவன் வாசலில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தான். கிள்ளான் கேஸ் நடந்தபோது அவன் நடக்கப் பழகியிருப்பான்.

திரும்பி வந்து ஆற்றோரத்தில் உட்கார்ந்தார். ஒரு விரிப்பை விற்றவன் இன்னொன்றையும் விற்றிருக்கலாம். விற்காமலும் இருந்திருக்கலாம். கொன்றிருக்கலாம். கொல்லாமலும் இருந்திருக்கலாம். குறி சொன்னது இவ்வளவுதான்: இந்தத் துணி ஒரு காலத்தில் அந்த வீட்டில் இருந்தது. மிச்சத்தையெல்லாம் சொன்னது படத்துக்குப் பக்கத்தில் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நின்ற ஆள்.

"என்னங்க?" என்றாள் இராஜம்மா.

"ஒண்ணுமில்ல." அவர் ஊசியை எடுத்தார். தூளியின் ஓரத்திலும் சன்னல் போட்டார். அதற்குத்தான் அதிக நேரம் எடுத்தது.

லோரிகள் சொன்ன நாளில் வந்தன. சிப்பாய்கள் தெருவின் இரண்டு முனையிலும் நின்றார்கள். அதிகாரி முதல் வீட்டில் ஒரு வேட்டியை எடுத்துப் பார்த்தான். சன்னல். இரண்டாவது வீட்டில் ஒரு கவுன். சன்னல். மூன்றாவது வீட்டில் அவன் பக்கிரிசாமியைத் திரும்பிப் பார்த்தான். கோபம் இல்லை அந்தப் பார்வையில். கணக்குத் தப்பிப்போன வாத்தியார் பார்வை.

ரபேல் வீடு வந்தது. ரபேல் வாசலில் குனிந்து நின்றான். கெர்ட்ரூட் பிள்ளைகளின் தலையைத் தன் இடுப்போடு அழுத்திப் பிடித்திருந்தாள். அதிகாரி கொடியிலிருந்து துவாலையை எடுத்தான். மூலையை விரித்தான். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு நகத்தால் எதையோ தொட்டுக் காட்டி, மெதுவாகக் கேட்டான்.

"உள்ளே பழைய கோடு இருக்காம், மேலே புதுக் கோடு இருக்காம்," என்றார் கன்னையா. "ஏன்னு கேட்கறார்."

பக்கிரிசாமி முதல் நாளே யோசித்து வைத்திருந்ததைச் சொன்னார். "அன்னிக்குப் பயத்துல சொல்லாம விட்டுட்டேங்க. வெள்ளைக்காரன் காலத்துக் குறிங்க எல்லாம். புது அரசாங்கம் வந்ததும் எல்லாருக்கும் ஒரே குறியா மாத்திட்டேங்க. பழசை மூடிட்டேன்."

"எப்போ?"

"நீங்க வந்தப்பவேங்க."

கன்னையா மொழிபெயர்க்கவில்லை. அவர் கண் துவாலையில் இல்லை. கீழே, பக்கிரிசாமியின் கைகளில் இருந்தது. விரல் நுனியெல்லாம் நீர் கோத்த கொப்புளம். சேங்கொட்டை சுட்ட கை. வருஷக் கணக்காய்க் கோர்ட்டில் குறியின் ரசாயனத்தை மொழிபெயர்த்தவருக்கு அது எத்தனை நாள் காயம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கிரிசாமி கையை மறைக்க நினைத்தார். மறைத்தால் அதிகாரி பார்ப்பான். அப்படியே தொங்கவிட்டார்.

கன்னையா பேசினார். கொஞ்சம்தான் பேசினார். அதிகாரி இன்னொரு கேள்வி கேட்டான். அதைக் கன்னையா பக்கிரிசாமியிடம் கேட்கவே இல்லை, தானே பதில் சொன்னார். அதிகாரி கொடியிலிருந்து இன்னொரு துணியை உருவினான். பக்கத்து வீட்டுக்குப் போய் அங்கே ஒன்றை எடுத்தான். எல்லாவற்றிலும் உள்ளே ஒரு பழைய கோடு, மேலே ஒரு புதுக் கோடு, கண்ணாடிக்குள் சன்னல்; எது எந்த வீட்டுப் பழைய குறி என்று பிரிக்க முடியவில்லை. துணிகளைச் சேற்றில் போட்டான். திரும்பி வந்து பக்கிரிசாமியின் கன்னத்தில் ஓர் அறை விட்டான். அறைந்த கையைத் துடைத்துக்கொண்டு லோரியில் ஏறினான்.

லோரிகள் போன பிறகும் வெகு நேரம் யாரும் சேற்றில் கிடந்த துணியை எடுக்கவில்லை. ரபேல் பக்கிரிசாமியின் பக்கம் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். "வேண்டாம் தம்பி," என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

சில நாளில் செய்தி வந்தது. அம்பாங்கில் குட்டைக்குப் பக்கத்தில் காய்கறி போடுகிற சீனர்களில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். துவாலையோ குறியோ எதுவும் கேட்கவில்லையாம். பக்கிரிசாமி அன்று வெள்ளாவிக்குத் தீ மூட்டவில்லை.

கன்னையா வந்தது மழை விட்ட ஒரு முற்பகலில். குடை, மடித்த கால்சட்டை, அக்குளில் ஒரு மூட்டை. ஆற்றோரத்தில் வந்து நின்று, சுற்றும் முற்றும் பார்த்தார். இராஜம்மா இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"கை ஆறிடுச்சா பக்கிரி?"

"ஆறிக்கிட்டு வருதுங்க சார்." பக்கிரிசாமி எழுந்து நின்றார். கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கிக் கேட்டார். "அன்னிக்கு... நீங்க என்ன சொன்னீங்க சார்?"

"நீ சொன்னதைத்தான். பாதி." கன்னையா ஆற்றைப் பார்த்தார். "கிள்ளான் ஆள் வித்துட்டேன், வித்துட்டேன்னு கத்தினானே, அதையும் நான் இங்கிலீஷ்ல சரியாத்தான் சொன்னேன். ஒரு வார்த்தை விடல. யாரும் எழுதிக்கல."

பக்கிரிசாமி குனிந்து துவைக்கிற கல்லைத் துடைத்தார்.

கன்னையா மூட்டையைக் கல்லின்மேல் வைத்துப் பிரித்தார். நல்ல சட்டைகள். வேறு டோபியின் குறி எதுவும் இல்லை. வீட்டிலேயே துவைத்தவை. "என் துணிக்கும் அந்தச் சன்னலையே போடு."

"சார் துணிக்கு எதுக்குங்க சார்? உங்களை யாரு..."

"போடுன்னா போடு." குரல் ஏறி, உடனே இறங்கியது. "பிடிக்க வேண்டியவங்க பட்டியல் ஏதோ புதுசாத் தயார் பண்றாங்க. எனக்குக் காட்டறதில்ல இப்பல்லாம்."

"கொட்டை தீர்ந்துபோச்சே சார்."

"தேடிப் பாரு."

இராஜம்மா பால் டின்னை எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கினாள். உள்ளே ஒன்று உருண்டது. எடுத்துப் புருஷன் கையில் வைத்தாள். சுருங்கிப்போன, சின்னக் கொட்டை. பக்கிரிசாமி ஊசியால் குத்தினார். பால் வரவில்லை. தணலுக்குப் பக்கத்தில் காட்டிச் சூடேற்றி மறுபடி குத்தினார். ஒரு சொட்டு கறுப்பாய்க் கசிந்தது.

முதல் சட்டையின் காலரைத் திருப்பி, நிமிர்ந்த கோட்டை இழுத்தார். பழைய கொப்புளத்தின்மேல் பால் பட்டு எரிந்தது. கன்னையா கோட்டைப் பார்க்கவில்லை. குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சாலைப் பக்கம் காது கொடுத்திருந்தார். தூரத்தில் ஒரு லோரி கியர் மாற்றி மேடு ஏறுகிற சத்தம் கேட்டது.

"சீக்கிரம் பக்கிரி," என்றார்.

பக்கிரிசாமி படுத்த கோட்டை இழுத்தார்.